கண்ணைக் கட்டிக்கொண்டு கழுகு ஆனவர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குத் 'தடங்கல்' என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் தடங்கல். காலையில் அவர் வந்து உட்கார்ந்ததும் யாராவது "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று முணுமுணுப்பார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தப் பெயர் அவருக்கும் தெரிந்தேதான் இருந்தது. ஒருநாள் என்னிடமே கேட்டார்: "தடங்கல்னு சொல்றீங்களே, வருந்துறது யாரு, நீங்களா நானா?"

குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் விளையாட்டுகளைச் செய்கிற சின்ன நிறுவனம் எங்களுடையது. ஒரு மாடி, பதினோரு பேர், ஒரு மேலாளர். நான் படம் வரைகிறவன். அக்காவின் வேலை, நாங்கள் செய்ததில் பிழை கண்டுபிடிப்பது. அதற்கு முன்பு ஒன்பது வருடம் சட்டைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்த்தவர். சட்டையை உள்புறம் வெளியே திருப்பி, ஒவ்வொரு தையலையும் விரலால் இழுத்துப் பார்ப்பாராம். மாலை வகுப்பில் கணினி படித்து, முப்பத்திரண்டாவது வயதில் எங்களிடம் வந்து சேர்ந்தார். வேலை மாறியதே தவிர குணம் மாறவில்லை. டேப்லெட்டைத் தலைகீழாகப் பிடித்து ஆடுவார். ஈர விரலால் தொடுவார். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் குத்துவார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நாற்காலியில உக்காந்து எந்தப் பிள்ளை விளையாடுது?" என்பார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு விளையாட்டு வெளியே போகும். அதுதான் எங்கள் வழக்கம்.

பலூன் விளையாட்டு வந்தபோதுதான் வம்பு தொடங்கியது. திரையின் மேலே ஏழும் எட்டும் எத்தனை என்பதுபோல ஒரு கணக்கு வரும். கீழே மூன்று பலூன்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். சரியான பலூனைத் தொட்டால் ஒரு நட்சத்திரம். தவறானதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, அடுத்த கணக்கு வந்துவிடும். குழந்தைகளின் மனது நோகக் கூடாது, அதனால் தவறுகளை எண்ணவே வேண்டாம் என்பது மேலாளரின் கட்டளை. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், அதை மறுக்க மாட்டேன். இரண்டு நிமிடம் முடிந்ததும் விளையாட்டு நட்சத்திரங்களை எண்ணிப் பட்டம் கொடுக்கும். முப்பதுக்கு மேல் என்றால் கழுகு. நடுவில் கிளி. பதினைந்துக்குக் கீழே என்றால் முட்டை. முட்டை என்றால் பொரிந்து வரப்போகும் பறவை என்று மேலாளர் நினைத்தார். பள்ளிக்கூடத்தில் முட்டை என்றால் என்ன அர்த்தம் என்பதை மனிதர் சுத்தமாக மறந்துவிட்டார். நானும் ஆசை ஆசையாக ஒரு முட்டை வரைந்து, அதற்குச் சிரிக்கிற வாயும் வைத்தேன்.

அக்கா அரைநாள் ஆடிப் பார்த்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏன்மா, எங்கயாவது பாதியில நிக்குதா?"

"நல்லா ஓடுது சார். கணக்கையே பாக்காம நடு பலூனை மட்டும் குத்திக்கிட்டே இருந்தா, ரெண்டு நிமிஷத்துல நூறு தடவைக்கு மேல குத்தலாம். மூணுல ஒண்ணு எப்படியும் சரியா விழுந்துடும். கழுகு பட்டம். யோசிச்சுப் போடுற பிள்ளை பதிமூணு கணக்குதான் போடும். பதிமூணும் சரி. ஆனா அதுக்கு முட்டை."

"பசங்க அப்படியெல்லாம் ஆட மாட்டாங்க."

"நீங்க பசங்களைப் பாத்து ரொம்ப நாளாச்சு போல."

மேலாளர் பேனாவை நீட்டினார். பள்ளிக்கூடங்களுக்குத் தேதி சொல்லியாகிவிட்டது, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அக்கா பேனாவைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினார். "உங்களுக்கு எப்பவும் பிடிச்ச முயலுக்கு மூணு கால்தான்" என்று மேலாளர் அலுத்துக்கொண்டார்.

"காலை எண்ணிப் பாத்தது நான் மட்டும்தான் சார்" என்றார் அக்கா.

மறுநாள் கையெழுத்துப் போட வேண்டிய அந்தத் தாள் என் மேசைக்கு வந்தது. யாராவது ஒருவர் சரிபார்த்திருந்தால் போதும் என்று ராத்திரியோடு ராத்திரியாக விதி மாறியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பதறாத காரியம் சிதறாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நாங்கள்தான், பதறுகிறவனுக்குக் கழுகுப் பட்டம் கட்டினோம். அக்கா என்னைத் திட்டவில்லை. "உங்க கையெழுத்து அழகா இருக்கு தம்பி" என்றார். அதற்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து அக்காவின் எட்டு வயது மகள் படிக்கிற பள்ளிக்கும் அந்த விளையாட்டு போனது. அந்தப் பெண் எதையும் நிதானமாகச் செய்கிற பிள்ளை. சட்டைப் பொத்தானைப் போட்டாலும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் அடுத்ததற்குப் போவாள். பதிமூன்று கணக்குப் போட்டாள், பதிமூன்றும் சரி. கழுகுகளையும் கிளிகளையும் வகுப்பில் வைத்துக்கொண்ட பள்ளி, கணக்குப் பாடவேளையில் முட்டைகளைச் சாமான் அறைக்குப் பக்கத்து அறைக்கு அனுப்பியது. வீட்டுக்கு வந்து அவள் கேட்டாளாம்: "எல்லாமே சரியாத்தானேம்மா போட்டேன். அப்புறம் ஏன் நான் முட்டை?"

அக்கா இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. பெற்றோர் கூட்டத்தில் பேசப்போவதாக அவர் மேலாளரிடம் போய் நின்றார்.

"சொந்தப் பொண்ணுக்கு முட்டை வந்ததும் ரத்தம் கொதிக்குதா?"

"கொதிக்குது. ஏன் கொதிக்கக் கூடாது? ஆனா நான் முதல்ல வந்து சொன்னப்போ என் பொண்ணு இதைத் தொட்டதுகூட இல்ல."

"இங்க வேலை பாக்குறவங்க வெளியில போய் நம்ம பொருளைக் குறை சொன்னா, அப்புறம் இங்க வர வேண்டாம்."

அக்கா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்ப நான் அம்மாவா போறேன்."

கூட்டத்துக்கு நிறுவனத்தின் சார்பில் என்னைத்தான் அனுப்பினார்கள். விளையாட்டை விளக்க வேண்டும், கேள்வி வந்தால் பூசி மெழுக வேண்டும். பிள்ளைகளின் குட்டை பெஞ்சுகளில் நாற்பது பெற்றோர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மூன்றே வாரத்தில் பாதிப் பிள்ளைகள் கழுகு ஆகிவிட்டதாகத் தலைமையாசிரியை பெருமையோடு சொன்னார். கைதட்டல் அடங்குவதற்குள் அக்கா எழுந்து நின்றார்.

"மேடம், நீங்க ஒரு தடவை ஆடிப் பாருங்க."

தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே டேப்லெட்டை வாங்கினார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒவ்வொரு கணக்கையும் வாய்க்குள் படித்து, விடையைப் போட்டுப் பார்த்து, பிறகு தொட்டார். அவருக்குப் பழகாத பொருள், விரல் தயங்கியது. இரண்டு நிமிடத்தில் பதினான்கு கணக்கு, ஒன்றுகூடத் தவறவில்லை. சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் என் முட்டை வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது. 'இன்னும் பயிற்சி தேவை' என்ற எழுத்து அதன் கீழே வந்தது.

அக்கா துப்பட்டாவை மடித்துத் தன் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "தம்பி, நடு பலூன்மேல என் விரலை வைங்க" என்றார். வைத்தேன். இரண்டு நிமிடம் டக் டக் என்ற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் சுவர் முழுக்கக் கழுகு சிறகு விரித்தது, முப்பத்தெட்டு நட்சத்திரம்.

"ஒரு கணக்கைக்கூட நான் பாக்கலை" என்றார் அக்கா, கட்டை அவிழ்த்தபடி.

முன் பெஞ்சில் ஒரு தகப்பனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப எம் பையன் கழுகு இல்லையா?"

"தெரியாதுங்க. இந்த விளையாட்டுக்கும் தெரியாது."

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "இதைச் சரிபாத்துக் கையெழுத்துப் போட்டது யாரு?"

மழுப்புவதற்கு என்னிடம் ஒரு பை நிறையப் பதில் இருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மழுப்பியிருப்பேனோ என்னவோ.

"நான்தாங்க. அவங்க போட மாட்டேன்னாங்க. நான் போட்டேன்."

என் வேலையும் அதோடு போயிற்று. போகட்டும் என்றிருந்தது.

தலைமையாசிரியை சங்கடத்தோடு அக்காவிடம் கேட்டார். "உங்க பொண்ணை வரச் சொல்லி, எல்லார் முன்னாடியும் ரெண்டு கணக்குப் போடச் சொல்லட்டுமா? தெரிஞ்சுக்கட்டும்."

"வேண்டாம் மேடம். அவ எதையும் நிரூபிக்க வேண்டியதில்ல. அவ இடத்தை அவளுக்குத் திருப்பிக் குடுங்க, போதும்."

தலைமையாசிரியை அப்படியே வெளியே நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். அந்தச் சின்ன அறையில் பதினோரு பிள்ளைகள் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு அவரவர் வகுப்புக்குப் போகச் சொன்னதும் பத்துப் பேர் விழுந்தடித்து ஓடினார்கள். அக்காவின் மகள் மட்டும் எழவில்லை. கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, உனக்கும் சேத்துத்தான் சொன்னேன்" என்றார் தலைமையாசிரியை.

அவள் நிமிரவில்லை.

"இருங்க மிஸ். இன்னும் முடிக்கலை."

தலைமையாசிரியை வாசலிலேயே நின்றார்.