அரைவாசி நனைந்த வயலும் ஒரு நெளி கோடும்

போன கிழமை நான்கு நாட்களாக நான் அரிசி சாமான் வாங்குகிற சங்கக்கடைக்குச் சுற்று வழியால் சைக்கிள் மிதித்தேன். உடம்புக்கு நல்லது என்று மனைவியிடம் சொன்னேன். உண்மை வேறு. எங்கள் ஊர் முரசுமோட்டையின் நேர் வழியில் பறுவதக்காவின் வயல் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மச்சான், மனைவியின் தம்பி. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் உள்ள ஓர் இடத்தில் அவனுக்கு வேலை. இப்போது லீவில் வந்து நிற்கிறான். இந்த வெயிலிலும் சப்பாத்தும் அதற்குள்ளே மேசும் போட்டுக்கொண்டு வயல் வரம்பில் நடக்கிறவனை என்ன செய்வது?

ஒரு பின்னேரம் தேத்தண்ணீர் குடித்தபடி, அந்த மெசினுக்கென்று வந்திருக்கும் ஒரு புது மொழியைப் பற்றிச் சொன்னான். அதில் ஒரு நெளி கோடு உண்டாம். ஒன்றும் பூச்சியமுமாக எழுதிய பட்டியலுக்கு முன்னால் அதைப் போட்டால் போதும் — ஒன்றெல்லாம் பூச்சியமாகிவிடும், பூச்சியமெல்லாம் ஒன்றாகிவிடும். பத்துப் பேர் என்றாலும் பத்தாயிரம் பேர் என்றாலும் ஒரே கோடு.

"'இல்லை' எண்டுறதை முழுப் பட்டியலுக்கும் ஒரேயடியாச் சொல்லிப்போடலாம் அத்தான்."

எனக்குப் பொறி தட்டியது.

எங்கள் வாய்க்காலில் வயல் செய்கிற கமக்காரரின் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். சம்பளமில்லாத உத்தியோகம், ஏச்சு மட்டும் தாராளம். மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காணாது. அதனால் பாதிப் பேருக்கு முதல் முறை, மற்றப் பாதிக்கு அடுத்த முறை. முதல் முறை முடிந்ததும், தண்ணீர் கிடைத்தவர் பெயருக்கு நேரே ஒன்று, கிடைக்காதவருக்குப் பூச்சியம் என்று எழுதி வைத்திருந்தேன். அடுத்த முறைக்குப் புதிய பட்டியல் எதற்கு? பழையதின் தலையில் ஒரு நெளி கோடு, கீழே 'எல்லாம் எதிர்மாறு' என்று ஒரு வரி... சங்கக்கடைக் கதவில் ஒட்டிவிட்டேன்.

சனம் பிரமித்துப் போனது. எதற்கும் ஒரு மணித்தியாலம் பேசுகிற எங்கள் தலைவர்கூட ஐந்து நிமிடத்தில் பாராட்டி முடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை பறுவதக்கா வந்தார். வாய்க்காலின் கடைசிக் காணி அவருடையது. புருஷன் இல்லை, தனியாகவே வயல் செய்கிறார்.

"தம்பி, எனக்குத் தண்ணி வந்திட்டுதெண்டு உங்கடை கடுதாசியிலை கிடக்காம். என்ரை நெல்லுக்கு வாசிக்கத் தெரியாது. அரைவாசி வயல் வெடிச்சுப்போய்க் கிடக்கு. கதிர் தள்ளுற நேரம். இந்த முறையும் தண்ணி இல்லாட்டி எல்லாம் பதர்தான்."

"அடுத்த முறை பாப்பம் அக்கா."

"அடுத்த முறை வைக்கோலுக்கோ தண்ணி விடப்போறியள்?"

அவர் போய்விட்டார். நான் சுற்று வழியைக் கண்டுபிடித்தேன்.

இது எனக்குத் தெரியாத சங்கதியா? முதல் முறை முடிந்து குளத்துத் துருசைப் பூட்டித் தண்ணீரை நிறுத்திய அன்று நானே போய்ப் பார்த்தேன். மேலே உள்ளவர்கள் கூடுதலாகத் திருப்பிவிட்டதால் அவருடைய வயலில் பாதிதான் நனைந்திருந்தது. பட்டியலில் அரை என்று எழுதினால் பார்க்க வடிவாக இராது... ஒன்று என்று போட்டுவிட்டேன். அந்த ஒன்றைத்தான் நெளி கோடு பூச்சியமாக்கியது. என் வயலுக்கு முதல் முறை பூச்சியம். ஆகவே இந்த முறை ஒன்று. நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் மச்சானைப் பிடித்தேன்.

"உன்ரை மெசினுக்கு அரை எண்டு குடுத்தால் என்ன செய்யும்?"

"வாங்காது. ஒண்டு, இல்லாட்டிப் பூச்சியம். வேறை எதைக் குடுத்தாலும் பிழை எண்டு அடிச்சுப்போட்டு நிண்டிடும்."

"இதை ஏனடா முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை அத்தான்."

ஓர் இரும்புப் பெட்டிக்கு இருக்கிற ரோசத்தைப் பாருங்கள். நாங்கள் அப்படியா? அரையை ஒன்றாகவும் பூச்சியமாகவும் தள்ளிவிடுவதில் கைதேர்ந்த விண்ணர்கள். மாப்பிள்ளை குடிப்பாரா என்று பெண் வீட்டார் கேட்டால் — பூச்சியம். வோட்டு எங்களுக்குத்தானே என்று யார் வந்து கேட்டாலும் — ஒன்று. மெசினாக இருந்தால் இந்த ஊரில் ஒரு கலியாணமும் நடக்காது, ஒரு தேர்தலும் நடக்காது.

அன்று பின்னேரம் சங்கக்கடை வாசலில் ஆட்கள் நிற்கும்போதே கடதாசியைக் கிழித்தேன். பறுவதக்காவும் அரிசி வாங்க நின்றார். எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

"பிழை என்னிலைதான். அரைவாசி நனைஞ்சதைக் கண்டும் ஒண்டெண்டு போட்டனான். இந்த முறை என்ரை தண்ணி பறுவதக்காவுக்குப் போகட்டும்."

மனைவிக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பறுவதக்கா அரிசிப் பையைக் கட்டி இடுப்பில் வைத்தார்.

"சரி தம்பி. கடைசி வாய்க்கால் புல்லு மூடிக் கிடக்கு. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாங்கோ."

மெசின் பிழை என்று சொன்னால் அத்தோடு நின்றுவிடலாம். செயலாளர் சொன்னால், அதற்குப் பிறகு வாய்க்கால் வெட்ட வேண்டும்.