பென் டிரைவில் முதல் பாட்டு

இது ராத்திரியில் நடந்ததில்லை. சுடுகாட்டுப் பக்கம் நடந்ததும் இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில், பஸ்ஸும் லாரியும் ஓயாமல் ஓடுகிற ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் நடந்தது. இதில் மாட்டிக்கொண்டவன் பெயர் வேல்பாண்டி. ராஜபாளையத்தில் டாக்ஸி ஓட்டுகிறான். குடிக்க மாட்டான். கதை கட்டவும் வராது. வீட்டில் ஒரு பொய் சொல்லிவிட்டு அதைக் காப்பாற்றத் தெரியாமல் முழிக்கிற ஆள். நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம். அவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு நேரமில்லை.

போன சித்திரையில் அவன் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினான். வெள்ளைக் கார், ஒரு கீறல் கிடையாது, ஓட்டமும் குறைவு. விற்றவர் மம்சாபுரம் சூர்யபிரகாஷ். தோப்பு, வயல் என்று வசதியான ஆள். ஸ்ரீவில்லிபுத்தூரில் புரோக்கர் முன்னால் சாவியைக் கொடுத்தவர் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். சொந்த வண்டியை விற்கிறவன் போகும்போது அதன் முதுகில் ஒரு தட்டாவது தட்டுவான். வேல்பாண்டி இருந்த சந்தோஷத்தில் அதையெல்லாம் கவனிக்கவில்லை. டாக்ஸிக்கு மாற்றி ஸ்டாண்டில் கொண்டுவந்து போட்டுவிட்டான்.

வண்டியின் பாட்டு செட்டில் ஒரு பென் டிரைவ் செருகியபடியே இருந்தது. அதில் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. போட்டுப் பார்த்தான். முதலில் ஒரு சாமி பாட்டு. கட்டையான ஆண் குரல் உடுக்கை அடித்துப் பாடியது. "எந்திரிச்சு வா தாயி... எடுத்த சேலை மடிச்சிருக்கு... ஏறி வா தாயி... எடம் போட்டு வச்சிருக்கு..." அதற்குப் பின்னால் எல்லாம் சினிமாப் பாட்டு. ஏதோ அம்மன் பாட்டு, வண்டியோடு வந்த அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டான். அன்றிலிருந்து தினமும் காலையில் வண்டியைக் கழுவி, பூ வைத்து, பத்தி கொளுத்தி, அந்தப் பாட்டைப் போடுவான். முதல் சவாரி ஏறியதும் சினிமாப் பாட்டுக்குத் தாவிவிடுவான். காலங்காத்தாலே உடுக்கைச் சத்தம் எந்தக் கஸ்டமருக்குப் பிடிக்கும்? அந்தப் பாட்டை அவன் ஒருநாள்கூடக் கடைசிவரை கேட்டதில்லை.

கொஞ்ச நாளில் வண்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. முன் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் பீப்... பீப்... என்று கத்துமே, அந்தச் சத்தம். சீட்டில் யாரும் இல்லை. ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை. ஆனாலும் கத்தியது. மெக்கானிக் சீட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தாம்ணே இருக்கு" என்று கையை விரித்தான். வேல்பாண்டி அலட்டிக்கொள்ளவில்லை. காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். சத்தம் நின்றது. அப்புறம் தினமும் பூ வைப்பது போல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

துணி வியாபாரி பாரூக் அவனுடைய பழைய கஸ்டமர். எப்போதும் முன்னால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே வருகிறவர். ஒருநாள் முன் சீட்டில் உட்கார்ந்தவர் உடனே எழுந்து பின்னால் போய்விட்டார்.

"என்ன பாய்?"

"ஒண்ணுமில்ல. இப்பத்தான் ஆள் எந்திரிச்ச சீட்டு மாதிரி சூடா இருக்கு."

"வெயிலு பாய்."

அப்போது காலை ஏழு மணி.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேல்பாண்டியின் மச்சினி வீட்டில் காதுகுத்து. சவாரி எதுவும் எடுக்காமல், பெண்டாட்டி விஜியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். வண்டி வாங்கியதிலிருந்து விஜி அதில் முன்னால் உட்காருவது அதுதான் முதல் தடவை. மாம்பழக் கலரில் புதுப் பட்டு கட்டியிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம். விஜி வாய் ஓயாதவள். கோயில் கொடைத் திருவிழாவில் யாராவது சாமியாடினால் இவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரித்தால் வேல்பாண்டிக்கு உலகமே சரியாக இருப்பது போலத் தோன்றும். அப்படி ஒரு பிரியம்.

கதவைத் திறந்தவள் நின்றாள்.

"யாருக்குப் பெல்ட்ட மாட்டி வச்சிருக்கீக?"

"சும்மா கெடந்து கத்துது ஏட்டி. கழட்டிட்டு உக்காரு."

அவள் பெல்ட்டைக் கழற்றி, உட்கார்ந்து, மறுபடி போட்டுக்கொண்டாள். "அய்ய, சீட்டு கொதிக்கு" என்றாள். அவன் சாவியைத் திருப்பினான். அன்றைக்கு முதல் ஸ்டார்ட். பாட்டு தானாக ஆரம்பித்தது.

எந்திரிச்சு வா தாயி...

"ஒப்பாரி மாதிரில்லா இருக்கு. மாத்துங்க."

அவன் அடுத்த பாட்டுக்கான பட்டனை அழுத்தினான். அதே பாட்டு. மறுபடி அழுத்தினான். அதே பாட்டுதான் முதலிலிருந்து. ஊரைத் தாண்டும்வரை அழுத்திக்கொண்டே வந்தான். சரி, செட்டு மக்கர் பண்ணுகிறது, ஓடித் தொலையட்டும் என்று விட்டுவிட்டான். மணி பன்னிரண்டு இருபது. இடது பக்கம் மலை வெயிலில் வெளிறிக் கிடந்தது.

விஜி தன் தங்கச்சி வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். பேச்சு பாதியில் நின்றது.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. உடுக்கைக்குத் தாளம். ஒரு அடிகூடப் பிசகவில்லை.

பீப்... பீப்...

பெல்ட் போட்டிருந்தாள். ஆனாலும் கத்தியது. அந்தச் சீட்டில் இன்னொரு ஆள் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருப்பது போல.

"விஜி... ஏ விஜி..."

அவள் திரும்பவில்லை. அவளுடைய வாய்தான் பேசியது. குரல் அவளுடையது இல்லை. சின்ன வயசுக் குரல். கோபமான குரல்.

"தெனம் கூப்புடுத."

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"தெனம் கூப்புடுத... வந்து உக்காந்தா ஏன்னு கேக்க மாட்டேங்குத. கட்டிப் போட்டுட்டு ஊரச் சுத்துத."

அப்போதுதான் வேல்பாண்டிக்கு உறைத்தது. அது அம்மன் பாட்டு இல்லை. அழைப்புப் பாட்டு. உடுக்கை அடித்து ஒன்றை அழைத்தால் வந்தது தானாகப் போகாது. கடைசியில் விடை கொடுத்துப் பாடி அதை மலையேற்றி விட வேண்டும். அதுவரை கோடாங்கி உடுக்கையைக் கீழே வைக்க மாட்டான். நம் பக்கம் கைப்பிள்ளைக்குக்கூட இது தெரியும். இவன் நான்கு மாதமாகத் தினமும் அழைத்திருக்கிறான். ஒருநாள்கூட அனுப்பவில்லை.

பாட்டின் கடைசியில் விடை கொடுக்கிற பாட்டு இருக்கும். இருந்தாக வேண்டும். வண்டியை ஓரம் கட்டினான். காத்திருந்தான். உடுக்கை வேகம் பிடித்தது. விஜியின் தலை ஆட ஆரம்பித்தது. கொண்டை அவிழ்ந்தது. குரல் உச்சத்துக்குப் போனது...

அறுந்தது.

பாதிச் சொல்லில். கத்தரியால் வெட்டின மாதிரி.

ஒரு நொடி அமைதி.

எந்திரிச்சு வா தாயி...

மறுபடி முதலிலிருந்து.

பென் டிரைவைப் பிடித்து இழுத்தான். விரல் சுட்டது. வரவில்லை.

"வீட்டுக்குப் போ" என்றது அந்தக் குரல்.

"எந்த வீட்டுக்கு?"

அவள் கையை நீட்டினாள். மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கு.

போனான். வேறு என்ன செய்வான்? பக்கத்தில் இருப்பது பெண்டாட்டி. கண்ணைத் திறந்துகொண்டிருக்கிறாள், இமைக்கவில்லை. அவள் கை காட்டிய இடத்தில் எல்லாம் திரும்பினான். அந்த ஊரில் விஜிக்குச் சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஒரு பச்சை கேட் முன்னால் கை இறங்கியது. கேட் திறந்து கிடந்தது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அவள் இறங்கி நடந்தாள். கதவைத் தட்டினாள். ஓங்கித் தட்டவில்லை. தூங்குகிறவர்களை எழுப்பக் கூச்சப்படுகிறவள் போல, விரல் கணுவால்.

டொக்... டொக்... டொக்...

"அண்ணே... தெறண்ணே."

உள்ளே ஆள் இருந்தது. டிவிச் சத்தம் சட்டென்று நின்றதை வேல்பாண்டி கேட்டான்.

டொக்... டொக்... டொக்...

"அண்ணே..."

ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது. சூர்யபிரகாஷ். அவர் விஜியைப் பார்க்கவே இல்லை. வேல்பாண்டியைத்தான் பார்த்தார்.

"வண்டிய வித்தாச்சு. வண்டியில இருக்கதும் ஒங்களுதுதான். கொண்டு போயிருங்க."

ஜன்னல் மூடியது. கொண்டி விழுந்தது.

விஜி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அப்படியே சரிந்தாள்.

"ஏட்டி! ஏட்டி!" என்று அலறிக்கொண்டு அவளைத் தூக்கினான். எதிரே ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா மாடத்தி ஓடிவந்து பெஞ்சில் கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்தாள். விஜி கண் திறந்து, "காதுகுத்து முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். வேல்பாண்டி வாய்விட்டு அழுதான். அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. டீயைக் குடித்துவிட்டு அசதியில் அங்கேயே தூங்கிப்போனாள்.

மாடத்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அந்த வீட்டுக் கன்னிய்யா அது. அவரு தங்கச்சி. கல்யாணம் நிச்சயம் பண்ணின பொறவு காய்ச்சல்ல போயிட்டா. வருசா வருசம் சேலை எடுத்து வச்சு, கோடாங்கிய வச்சு அழைப்பாக, விடை குடுத்து அனுப்புவாக. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ எவளும் புதுச்சேலை கட்ட முடியல. காலையில பாத்தா கிழிஞ்சு கெடக்கும். மொதப் பொண்டாட்டி ஆத்தா வீட்டுக்கே போயிட்டா. ரெண்டாவது வந்தவளும் பொட்டியக் கட்டிட்டா. அப்பத்தான் எவனோ ஒரு யோசனை சொல்லியிருக்கான்."

"என்ன யோசனை?"

"கோடாங்கி பாட்டப் பதிஞ்சு, அழைப்ப மட்டும் வச்சுட்டு, விடை குடுக்குற பாட்ட வெட்டிருங்க, வண்டியோட தள்ளி விட்டுருங்கன்னு. முச்சந்தியில கழிப்பு கழிச்சுப் போடுவாகல்லா... எவனாச்சும் மிதிச்சுட்டுப் போகட்டும்னு. அது மாதிரி."

வேல்பாண்டிக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. கூடப்பிறந்த பெண்ணை அந்த ஆள் குப்பை மாதிரி கழித்துப் போட்டிருக்கிறான். அதை மிதித்தது இவன் பெண்டாட்டி. எழுந்து போய்ப் பென் டிரைவைப் பிடித்து இழுத்தான். இப்போது சுலபமாக வந்தது. அந்த வீட்டு வாசற்படியில் அதை ஓங்கி வீசினான். கெட்ட வார்த்தை நான்கு சொன்னான். உள்ளே இருந்து ஒரு மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

மாடத்தியிடம் தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, விஜியை ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் திரும்பினான். வழியெல்லாம் பாட்டு இல்லை. பீப் சத்தமும் இல்லை. வீட்டில் அவள் இறங்கியதும் முன் சீட்டில் கையை வைத்துப் பார்த்தான். ஏசி குளிரில் சில்லென்று இருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தான்.

அந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை. விஜி பழையபடி வாய் ஓயாமல் பேசினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாடத்தி போன் செய்தாள்.

"தம்பி, அந்த வீட்டு ஆளுக அன்னிக்கு சாயங்காலமே ஊர விட்டுப் போயிட்டாக. வெளிய பூட்டு தொங்குது. உள்ள ஒரு ஈ, காக்கா கெடையாது."

"போகட்டும். தொலையட்டும்க்கா."

"அதில்ல... பொழுது சாஞ்சா கதவு தட்டுற சத்தம் கேக்கு."

"கதவு பூட்டியிருக்குன்னீக?"

"ஆமா தம்பி. உள்ள இருந்து தட்டுது."

அடுக்களையில் விஜி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மொத நாளு அண்ணே அண்ணேன்னு கூப்புட்டா. தெருவே கேட்டுச்சு. அவுக வரமாட்டாகன்னு தெரிஞ்சு போச்சு போல. இப்ப அண்ணனக் கூப்புடல. வேற ஒரு பேரச் சொல்லித் தெறக்கச் சொல்லுதா. இந்த ஊர்ல அப்புடி ஒரு ஆளே இல்ல. அதான் ஒங்களுக்குத் தெரியுமான்னு கேக்கேன்..."

மம்சாபுரத்தில் அவன் தன் பெண்டாட்டியை 'ஏட்டி' என்று மட்டும்தான் கூப்பிட்டிருந்தான். பெயரை அங்கே யாருமே கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"விஜின்னா யாரு தம்பி?"