சித்திரையைக் காட்டப் போன ஜவஹர்

தி. நகர் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கும் ஜவஹர், பகல் முழுக்கப் பொய் சொல்லிச் சம்பளம் வாங்குகிற ஆள். இந்தக் கலரில் இது ஒன்றுதான் பாக்கி என்று அக்காமார்களிடம் சத்தியம் பண்ணுவான். அவன் முட்டிக்குக் கீழே அதே கலரில் ஓர் அடுக்கே தூங்கிக்கொண்டிருக்கும். தென்காசிப் பக்கம் பத்தாம் வகுப்புக் கணக்கு காலை வாரியதும் ரயிலேறி வந்தவன், இப்போது வயது முப்பத்தைந்து. ஆனால் கடை வாசலைத் தாண்டினால் அவனுக்கு ஒரு பொய்யும் வராது. பஸ்ஸில் வேறு எவனோ டிக்கெட் எடுக்காமல் வந்தால்கூட இவனுக்கு வியர்க்கும்.

அதே கடையின் மூன்றாம் மாடியில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறவள் சந்திரிகா. அவள் இவனிடம் மாட்டினாளா, இவன் அவளிடம் மாட்டினானா என்பதில் கடைக்குள் இரண்டு கட்சி உண்டு. அவள் டப்பாவில் வரும் நெத்திலித் தொக்கை ருசி பார்த்தவர்கள் எல்லாரும் இரண்டாவது கட்சி.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஜாதகம் குறுக்கே படுத்தது. இருவருக்கும் சித்திரை நட்சத்திரம், ராசியும் ஒன்று. மயிலாப்பூர் ஜோசியர் விரலை மடக்கிச் சொல்லிவிட்டார்: ஒரே நட்சத்திரக்காரர்களுக்குக் கெட்ட காலம் ஒரே சமயத்தில் வரும், ஒருவர் விழுந்தால் தூக்கிவிட இன்னொருவர் நின்றுகொண்டிருக்க மாட்டார். கேட்டவள் சந்திரிகாவின் அம்மா விஜயலக்ஷ்மி. மந்தைவெளியில் இட்லிக்கடை போட்டு ஒற்றை ஆளாய் மகளை வளர்த்தவள். அவள் வேண்டாமென்றால் சந்திரிகா மீற மாட்டாள். துறைமுகத்தில் வேலை பார்க்கும் வேறொரு மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக அம்மா வாக்கும் கொடுத்துவிட்டாள்.

துக்கம் தாங்காமல் ஜவஹர் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தான். அங்கே ஸஹானா என்ற கல்லூரிப் பெண் டெலஸ்கோப்பை நிறுத்தி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். தன் குடியைக் கெடுத்த நட்சத்திரத்தின் மூஞ்சியையாவது பார்ப்போமே என்று போய்ச் சித்திரையைக் கேட்டான். தெற்குப் பக்கம் நீலமாய் எரிந்த ஒன்றை அவள் கையால் காட்டி, அது ஒன்றில்லை, இரண்டு, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன என்றாள். மேலே ஏதோ சொல்லவும் வாயெடுத்தாள். கேட்பதற்கு ஜவஹர் அங்கே இருந்தால்தானே? கடற்கரை முனையில் போய்ச் சந்திரிகாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை, இருட்டியதும் அம்மாவும் மகளும் வந்தார்கள். வழியெல்லாம் அவன் பேச்சு ஓயவில்லை: ஒரே சித்திரைக்குள்ளேயே ஜோடி இருக்கிறது, உங்கள் கண்ணாலேயே பாருங்கள், அப்புறம் ஜோசியரைக் கேளுங்கள்.

விஜயலக்ஷ்மி குனிந்து பார்த்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மறு கண்ணை மூடிப் பார்த்தாள்.

“இன்னா நைனா, ஒண்ணுதான கீது?”

ஜவஹரும் குனிந்து பார்த்தான், ஒன்றேதான். ஓடிப்போய் ஸஹானாவைக் கேட்டான். அன்றைக்கு விட்ட மிச்சத்தை அவள் நிதானமாகச் சொன்னாள். இரண்டுமே சூரியனைவிடப் பல மடங்கு கனம். சூடும் வெளிச்சமும் அதைவிட எங்கேயோ. நாலே நாளில் ஒரு சுற்று முடிக்கிற அளவுக்கு நெருக்கம். ஒன்றின் இழுப்பில் மற்றது முட்டை மாதிரி நீண்டுபோயிருக்கிறது. இந்த டெலஸ்கோப்பில் மட்டுமில்லை, இதைவிடப் பெரியதில் பார்த்தாலும் ஒரே புள்ளிதான். அதன் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே இரண்டு பேர் என்று கண்டுபிடித்தார்களாம்.

விஜயலக்ஷ்மி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“ஒண்ணுதான் தெரியும்னு உனுக்கு முன்னாடியே தெரியுமா?”

பட்டுப் பிரிவில் இந்தக் கேள்வி வந்திருந்தால் இதற்குள் மூன்று பதில் விரித்துப் போட்டிருப்பான்.

“தெரியாதும்மா. ரெண்டு தெரியும்னு நம்பித்தான் கூட்டிட்டு வந்தேன். அந்தப் பொண்ணு பாதி சொல்லும்போதே ஓடிட்டேன்.”

சந்திரிகா தலையில் கைவைத்துக்கொண்டாள். அம்மா வெறுங்கண்ணாலேயே அந்த நீலப் புள்ளியை அண்ணாந்து பார்த்தாள்.

“எனுக்கும் இவ அப்பாவுக்கும் பத்துக்குப் பத்துப் பொருத்தம்பா. அந்தாளுக்கு நல்ல காலம் வந்துச்சு, போய்க்கினே இருந்தாரு. என் கெட்ட காலத்த நான் ஒண்டியாத்தான் பட்டேன்.” முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “உங்களுக்கு வந்தா, ரெண்டு பேருக்கும் ஒண்ணாவா வரும்?”

“ஜோசியர் அப்படித்தாம்மா சொல்றாரு.”

“வரட்டும். ஊர்லேந்து உங்க வூட்டுப் பெரியவங்கள வரச்சொல்லு. அந்தத் துறைமுகத்துப் பையனுக்கு நான் சொல்லிக்கிறேன்.”

ஜவஹர் டெலஸ்கோப்பை மறித்துக்கொண்டு நின்றான். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், கல்யாணம் பேசி முடித்தாயிற்றென்றால் கொஞ்சம் நகர்ந்துகொள்ளலாமே என்றார். அப்போதும் அவன் நகரவில்லை. சந்திரிகாதான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.