இரண்டாம் கிதாருக்கு ஒரு டப்பா

அன்று சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வரை பஸ்ஸில் பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் எங்கள் ஆர்கெஸ்ட்ரா மாஸ்டர். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிறவர் மாதிரி அவர் குஷியாக வந்தார். நாங்கள் போனது கிதாருக்கு ஹார்மோனைசர் பெடல் என்று ஒரு டப்பா வாங்க.

விஷயம் இதுதான். எங்கள் கோஷ்டியில் நானும் என் தம்பியும் ஜோடியாக எலெக்ட்ரிக் கிதார் வாசித்தோம். நான் மெட்டை வாசிப்பேன். அவன் அதற்கு மேல் மூன்றாவது சுரத்தில் கூடவே வருவான். ஊரில் பாதிப் பேர் குவைத்துக்கு ஓடிய காலம். அவனும் ஒரு வீட்டில் டிரைவர் வேலைக்குப் போனான். போனதிலிருந்து மாஸ்டருக்கு ஒரே புலம்பல், ஒற்றைக் கிதார் சப்பென்று இருக்கிறதாம். வெளிநாட்டுச் சாமான் எல்லாம் நம் கடைகளிலேயே வந்து இறங்க ஆரம்பித்திருந்தது. வாசிக்கிற சுரத்துக்கு இணைச் சுரத்தைத் தானே சேர்த்துக் கொடுக்கும் டப்பா ஒன்று வந்திருக்கிறது, காலால் அமுக்கினால் போதும் என்று எந்தப் பாவியோ அவர் காதில் ஓதிவிட்டான்.

முந்தின வெள்ளிக்கிழமை தம்பி எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்திருந்தான். அங்கே வெள்ளிதான் லீவு.

"இங்க பயமா கீதுண்ணா. முதலாளி பசங்க கை நீட்டறாங்க. வந்துடறேன். மாஸ்டர்கிட்ட சொல்லி என் எடத்த மட்டும் பிடிச்சி வையி. அது இல்லாட்டி அங்க வந்து இன்னா பண்ணுவேன்?"

மாஸ்டரிடம் சொன்னேன். "டப்பா சரியா வர்லன்னா அவனே வரட்டும்பா" என்றார். டப்பா சரியாக வரக்கூடாது சாமி என்று ஏழுமலையானை வேண்டிக்கொண்டேதான் கடைப் படி ஏறினேன்.

கடைக்காரர் இரண்டு பெடல்களை எடுத்து வைத்தார். முதலாவது மூளையில்லாதது. எதை வாசித்தாலும் ஒரே தூரத்தில் இன்னொரு சுரத்தை ஒட்டியது. பாதி இடத்தில் அபசுரம், காது கூசியது. "சீ, இன்னாபா இது" என்று மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

இரண்டாவதில் பாட்டின் சுருதிக் கட்டையைக் குமிழில் திருப்பி வைத்து, மேஜர் ஸ்கேலா மைனர் ஸ்கேலா என்று சொல்லிவிட வேண்டும். ஒரு டூயட் பாட்டின் இடையிசையை வாசித்தேன். ஐயோ, டப்பாவுக்குள்ளிருந்து தம்பி வந்துவிட்டான். சத்தியமாக அவனேதான். நான் கம்பியை இழுத்த இடத்தில் அவனும் இழுத்தான். ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. "பாகுந்தி, பாகுந்தி" என்று மாஸ்டர் தெலுங்குக்குத் தாவிப் பாராட்டித் தொடையைத் தட்டினார்.

எப்படியாவது அதைத் தோற்கடிக்க வேண்டும். திருச்சானூர் கல்யாணங்களில் அங்குள்ள அம்மன் தாயார் மேல் உள்ள பாட்டு இல்லாமல் நாங்கள் ஆரம்பிப்பதே இல்லை. அது மாயாமாளவகௌளை ராகம். டப்பாவுக்கு மேஜரும் மைனரும்தானே தெரியும்? அதையே வாசித்தேன். மேஜரில் வைத்தால் தைவதம் தப்பு, மைனரில் வைத்தால் காந்தாரம் தப்பு. கடைக்காரரே காதைப் பொத்திக்கொண்டார்.

"பாத்தீங்களா மாஸ்டர்! சாமி பாட்டே வரல. மேடையில முதல் பாட்டே அபசுரமா? தம்பி இருந்தாதான் ஆவும்." சந்தோஷத்தில் என் குரல் கீச்சென்று வந்தது.

மாஸ்டர் தாடையைச் சொறிந்தார்.

"அந்தப் பாட்டுக்கு மட்டும் ஆஃப் பண்ணிடு. அப்ப ஜனம் பந்தியில துன்னுக்கினு கீது. ஆரு கேக்கப் போறாங்க?"

"பையன் அங்க அடி வாங்கிக்கினு கீறான் மாஸ்டர்."

"அதுக்கு நான் இன்னாபா பண்ணட்டும்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடைக்காரர் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூத்தில் காத்திருந்தேன். இடம் போய்விட்டது என்று சொன்னால் அங்கேயே கிடந்து அடி வாங்குவான். இருக்கிறது என்று பொய் சொல்லி வரவழைத்தால் வந்த அன்றைக்கே டப்பாவைப் பார்ப்பான். மணி அடித்தது.

"மாஸ்டர் இன்னா சொன்னாருண்ணா?"

"வீட்ல எடம் கீதுடா. நீ கெளம்பி வா."

"வீட்லதானா?" என்றான். "வந்துடுடா" என்று கத்தினேன்.

"இருக்கட்டும்ணா" என்றான். "இங்க அவ்ளோ மோசம் ஒண்ணும் இல்ல. இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாக்கறேன்."