கோழிக் கூடைக்குள் வங்காநரி

எதிர்பாராத நல்லது யாருக்காவது நடந்தால் “நரி மூஞ்சில முழிச்சியா?” என்று கேட்பது எல்லா ஊரிலும் உண்டு. மற்ற ஊர்களில் அது வெறும் வாய்ப்பேச்சு. சேலம் பக்கம் அயோத்தியாப்பட்டணம் தாண்டிக் கிழக்கே வந்தால் எங்கள் ஊர் மாதிரி அதை நிஜமாகவே செய்த ஊர்கள் இருக்கின்றன. பொங்கல் முடிந்ததும் வங்காநரி என்ற சிறு நரியை வலை போட்டுப் பிடித்துவந்து, கோயிலைச் சுற்றி ஓடவிட்டு, ஊரே அதன் முகத்தைப் பார்க்கும். இப்போது வனத்துறை அபராதம் போடுகிறது. அதனால் வலையைத்தான் சுருட்டி வைத்தோம், ஆசையை இல்லை.

என் மகளுக்கு அப்போது சேலத்தில் ஒரு வங்கி வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருந்தது. அதற்கு முன் போன இடங்களிலெல்லாம் கடைசிப் படி வரை ஏறிவிட்டுத் திரும்பி வந்தவள். அவளைவிட எனக்குத்தான் வெறி அதிகம். தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் மோட்டாரை நிறுத்த மரவள்ளிக் காட்டுக்குப் போனேன். வரப்போரம் ஒரு வங்காநரி கிடந்தது. பின்னங்கால் இரண்டும் தரையில் இழுபட, முன்னங்கால்களை ஊன்றி நகரப் பார்த்தது. பக்கத்தில்தான் மெயின் ரோடு. ஏதோ வண்டி அடித்திருக்க வேண்டும்.

பாவம் என்று நினைத்தேன். நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்கு முன்னாலேயே, நாளைக் காலையில் மகளை இதன் முகத்தில் முழிக்க வைக்கலாம் என்று தோன்றிவிட்டது. வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போயிருந்தார். இருந்திருந்தால் திட்டியிருப்பார். நானே கோணிச் சாக்கைப் போட்டு அமுக்கி, சுருட்டித் தூக்கி வந்து கோழிக் கூடையால் மூடினேன்.

மகள் பார்த்ததும் பதறிப்போய்ப் போனில் தேட ஆரம்பித்தாள்.

“அம்மா, கையால தொடாத. கடிச்சா வெறிநாய்க்கடி ஊசி போடணும். இருட்டா, சத்தம் இல்லாத எடத்துல ஒரு அட்டைப்பெட்டியில மூடி வெக்கணுமாம். பாலு, தண்ணி எதுவும் ஊத்தக் கூடாதாம். உடனே வனத்துறைக்குச் சொல்லணும். நானே பேசறேன்.”

“பேசலாம். காலையில நீ கெளம்புனதும் பேசிக்கலாம்.”

“அது வரைக்கும் தாங்குமா?”

“காட்டுல கெடக்கறது கண்ணு, அதெல்லாம் தாங்கும்” என்று சொல்லி அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கி அரிசி டப்பா மேல் வைத்தேன். கல்லூரி முடித்த பெண்ணின் கையிலிருந்து போனைப் பிடுங்கிய ஆள் நான். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படிக்கப் போனாள்.

அத்தோடு விட்டேனா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரியிடம் காதோடு காதாகச் சொன்னேன். அவள் வாய் என் வாய்க்கு அக்கா. கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன. வருகிறவர்களுக்கெல்லாம் ஏதோ என் வீட்டில் சாமி இறங்கியிருக்கிற மாதிரி பெருமையாகக் கூடையைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். தூக்கும்போதெல்லாம் அது சாக்குக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளும். “மூஞ்சியக் காட்ட மாட்டேங்குதே” என்று குச்சியால் தட்டினார்கள். நானும் தட்டினேன். போன் வெளிச்சத்தில் அதன் கண் பச்சையாக மின்னியபோது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எல்லாரும் போனபிறகு, மகள் குழந்தையாக இருந்தபோது அவளுக்குப் பால் புகட்டிய பாலாடையைத் தேடியெடுத்து அதன் வாயோரம் பால் ஊற்றினேன். புரையேறி மூக்கு வழியாக வந்தது. அதற்கு இருமக்கூடத் தெம்பில்லை. விடியும்வரை உயிரோடு இருந்தால் போதும் என்றுதான் ஊற்றினேன். பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்ததும் மகளை எழுப்பி, கண்ணைத் திறக்காதே என்று சொல்லி, என் உள்ளங்கையால் பொத்திக் கூட்டி வந்தேன். அவள் முனகிக்கொண்டே வந்தாள். அம்மாவிடம் மல்லுக்கட்ட அந்தக் காலை நேரமா கிடைத்தது? இன்னொரு கையால் கூடையைத் தூக்கினேன்.

அது செத்துக் கிடந்தது. வாயோரம் பால் காய்ந்திருந்தது. கண்ணில் எறும்பு.

நான் கூடையைக் கவிழ்த்துவிட்டு அவளைத் திருப்பி அழைத்துப் போயிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. ஆனால் செத்தாலும் நரி முகம் நரி முகம்தானே என்று என் புத்தி போயிற்று. கையை எடுத்துவிட்டேன்.

அவள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“செத்துப்போச்சுன்னு தெரிஞ்சுதான் காட்னியா?”

அவள் அரிசி டப்பா மேலிருந்த போனை எடுத்து வனத்துறைக்குப் பேசினாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்றாள்.

அவள் குளித்து உடுத்தி முடிக்கும்போது வனக்காப்பாளர் பைக்கில் வந்தார். சின்ன வயதுதான். சாக்கை விலக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார். “எப்பம்மா பாத்தீங்க?” என்று கேட்டார். கேஸ், அபராதம், ஊர்ப்பேச்சு எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தது. வாய்க்குப் பேர்போன நான் கூடையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

“இப்பத்தாங்க” என்றாள் மகள். “விடியக்காலையில காட்டுல கெடந்துச்சுன்னு அம்மா தூக்கிட்டு வந்தாங்க. உடனே எங்கிட்டச் சொல்லி உங்களுக்குப் பேசச் சொன்னாங்க.”

நேர்முகத் தேர்வுக்கு உடுத்தியிருந்த புதுச் சுடிதாரில், கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். அவள் பொய் சொல்லி அன்றுவரை நான் கேட்டதில்லை.

அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “நல்ல காரியம் பண்ணீங்கம்மா. முக்காவாசிப் பேரு ஊரையே கூட்டி வேடிக்கை காட்டி, பயத்துலயே கொன்னுடறாங்க. உங்கள மாதிரி ஆளுங்க இருந்தா நல்லாருக்கும்” என்றார்.

நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். மகள் பையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் வாசலைத் தாண்டினாள். போயிட்டு வரேன் என்று அவரிடம் மட்டும் சொன்னாள்.