பெட்டியோடு போனவன்

கல்லூரியில் எனக்குப் பெட்டி என்று பெயர். வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, வேறு எந்தப் பெயரும் அவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது. திருவாரூரில் வேதியியல் படித்த காலம் முழுக்க, சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தேன். அப்பாவின் குத்தகை நிலம் சாப்பாட்டுக்கே இழுபறி. படிக்க வேண்டுமென்றால் நானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். அவர்கள் விமானம் பிடித்து வந்து முகம் பார்க்கும்வரை உடல் கெடாமல் இருக்க வேண்டும். அதுதான் எங்கள் பிழைப்பு. கூத்தாநல்லூர்ப் பக்கம் எங்களுக்கு வேலை குறைவு. அங்கே முஸ்லிம் குடும்பங்கள் அதிகம், ரொம்ப நேரம் வைத்திருக்காமல் அடக்கம் செய்துவிடுவார்கள்.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட முடியாது. வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் நின்றுபோகும், ஜெனரேட்டருக்கு மாற்ற வேண்டும். அடியில் சேரும் தண்ணீரைப் பிடித்துக் கொட்ட வேண்டும். கண்ணாடியில் வியர்த்துக்கொண்டே இருக்கும், முகம் தெரியும்படி துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். யாராவது அழுதுகொண்டே மூடியில் அடித்தால் நோகாமல் விலக்கிவிட வேண்டும். இவ்வளவையும் அங்கே இருப்பதே தெரியாமல் செய்ய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: "அங்க நடக்குறது அவங்க வீட்டுச் சாவு. உன் கதை எதையும் அங்க வாயத் தொறந்து சொல்லக் கூடாது. பசிக்குதுன்னு கூடச் சொல்லாத. பெட்டியோட போனவன் பெட்டியோடதான் வரணும்."

வகுப்பில் சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தால் எங்கோ யாரோ போய்விட்டார் என்று அர்த்தம். பின்வரிசைப் பையன்கள் "யாருடா?" என்று உதட்டை அசைப்பார்கள். லீவு கேட்டு நின்றால், "என்ன காரணம்?" என்பார் துறைத்தலைவர். "சாவு சார்." "உங்க சொந்தத்துல இன்னும் யாராச்சும் மிச்சம் இருக்காங்களாப்பா?" வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வருகைப் பதிவு குறைந்துகொண்டே போனது, அதற்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊர்களில் வயதானவர்கள் ஐப்பசி கார்த்திகை மழையில்தான் அதிகம் போவார்கள். செய்முறைத் தேர்வும் அப்போதுதான் வரும். இறுதி ஆண்டில் அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்துதான் எழுத வேண்டும். அதுவரை பட்டம் கிடையாது, வேறு வேலைக்கு மனுப் போட முடியாது. இன்னொரு வருஷம் இந்தப் பெட்டியோடு அலைய வேண்டும். பரீட்சையை விட அதை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

தேர்வுக்கு முந்தின நாள் காலை கீழ்வேளூர் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. எங்களிடம் இருந்த இன்னொரு பையன் வேளாங்கண்ணிப் பக்கம் வேறு பெட்டியோடு போயிருந்தான். "நாளைக்கு விடியக்காலைல எடுத்துருவாங்களாம். நேரா காலேஜுக்குப் போயிடலாம், போ" என்றார் முதலாளி. செய்முறை ஏட்டை பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வேனில் ஏறினேன்.

இறந்தவர் சொந்தமாக நிலம் வைத்திருந்த ஒரு பெரியவர். மனைவி இருந்தார். ஒரே மகன் குவைத்தில். தலை தெற்கே இருக்க வேண்டும், பிளக் இருந்ததோ எதிர்ச்சுவரில். வயரை ஜன்னல் கம்பி வழியாகச் சுற்றி இழுத்து ஒருவழியாக மோட்டாரை ஓடவிட்டேன். மகன் இரவு திருச்சியில் இறங்குவான் என்றும், விடிந்ததும் எடுத்துவிடலாம் என்றும் பெரியவரின் தம்பி சொன்னார். எனக்கு அது போதும்.

பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்து ஏட்டைப் பிரித்தேன். வெளியே பறை அடித்தார்கள். சில்வர் நைட்ரேட் சேர்த்தால் வெள்ளை வீழ்படிவு, குளோரைடு. பேரியம் குளோரைடுக்கு வெள்ளை வீழ்படிவு, சல்பேட். அடிக்கு ஏற்ற மாதிரி மனப்பாடம் செய்தேன். அன்று படித்த உப்புச் சோதனைகள் இன்றும் அந்தத் தாளத்தில்தான் நினைவுக்கு வருகின்றன. நடுநடுவே எழுந்துபோய்க் கண்ணாடியைத் துடைத்தேன்.

சாயங்காலம் மகன் வீடியோ காலில் வந்தான். போனை முகத்துக்கு நேரே பிடிக்க அழுகிறவர்களுக்குக் கை நிற்கவில்லை. நான்தான் பிடித்தேன். ஒரு கையில் போன், ஒரு கையில் துணி. அவன் "அப்பா, அப்பா" என்றான். பிறகு பெரியவரின் தம்பியை, அவன் சித்தப்பாவை, கூப்பிடச் சொன்னான். பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது, கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், வர முடியாது, என்னை எதிர்பார்க்காமல் எடுத்துவிடுங்கள் என்றான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு மழுப்ப விரும்பவில்லை, சந்தோஷம்தான். இருட்டுவதற்குள் எடுத்துவிட்டால் வீட்டில் போய்ப் படித்துவிட்டு நிம்மதியாகப் பரீட்சைக்குப் போகலாம்.

சித்தப்பா ஆட்களை அனுப்பிப் பாடை கட்டச் சொன்னார். அந்த அம்மா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. "அவன் வருவான். எப்படியாச்சும் வந்துருவான். அதுக்குள்ள எடுக்கக் கூடாது" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, இந்தப் பெட்டி இன்னும் தாங்கும்ல?"

அதுவரை அங்கே இருப்பதே தெரியாமல் இருந்த என்னை எல்லாரும் பார்த்தார்கள். அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற சித்தப்பா, இல்லை என்று சொல்லும்படி தலையை ஆட்டினார். ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவருக்கும் நிம்மதி, குவைத்தில் இருந்தவனுக்கும் நிம்மதி, எனக்கோ ஒரு வருஷம் மிச்சம்.

"தாங்கும்மா. கரண்டு இருந்தா நாளைக்கும் தாங்கும்" என்றேன்.

பெரிய உத்தமன் என்பதால் அல்ல. அந்த அம்மா கேட்ட விதத்துக்கு வேறு பதில் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். பாடை கட்டப் போனவர்களைத் திருப்பி அழைத்தார்கள். சித்தப்பா என்னைத் தனியாக மாட்டுக் கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "இன்னொரு நாள் வாடகை வேணும்னா வாயத் தொறந்து கேட்டு வாங்கிக்கிட்டுப் போகவேண்டியதுதானடா? பொணத்த வச்சா சம்பாதிக்கிற?" என்றார். என் பரீட்சையைச் சொல்லி அவர் முகத்தில் அறைந்திருக்கலாம். முதலாளி சொன்னது நினைவுக்கு வந்தது. போய்த் தண்ணீர் பிடித்த வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

முதலாளிக்குப் போன் செய்தேன். வேளாங்கண்ணிக்குப் போனவன் திரும்பவில்லை, மாற்றி விட ஆள் இல்லை, பெட்டியை விட்டுவிட்டு வந்தால் இனி கடைப் பக்கம் வராதே என்றார்.

விடிந்தது. மழை பிடித்துக்கொண்டது. விடிந்ததும் எடுக்கலாம் என்ற பேச்சையே காணோம், அந்த அம்மா பெட்டியை விட்டு நகரவில்லை. பேருந்து பிடித்தாலும் இனிப் போய்ச் சேர முடியாது என்ற நேரம் தாண்டியபோது, நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. "உள்ள கூப்புடுறாங்கடா, எங்கடா இருக்க?" என்று நண்பன் கத்தினான். வச்சிடு என்று மட்டும் சொன்னேன்.

"யாருப்பா போன்ல?" என்றார் அந்த அம்மா.

"கூடப் படிக்கிறவம்மா."

"படிக்கிறியா நீ? இன்னைக்குக் காலேஜ் இல்லயா?"

கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "பரீட்சைம்மா. இப்ப ஆரம்பிச்சிருப்பாங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அழுது அழுது வீங்கிய கண்கள். "நேத்தே ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னப்பா? எடுக்கச் சொல்லியிருப்பேனே. அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியாதா? இன்னும் ஒரு நாள் கூட இருந்துக்கலாம்னு பார்த்தேன். அதுக்காக உன் படிப்பையா கெடுப்பேன்?" என்றார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, மைத்துனர் பக்கம் திரும்பி, "எடுங்க தம்பி" என்றார்.

எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்த அம்மா மேல், முதலாளி மேல், குவைத்தில் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருந்த எவனோ ஒருவன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக வாயை மூடிக்கொண்டு நின்ற என் மேல். பிளக்கைப் பிடுங்கினேன். மோட்டார் நின்றது. மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றபோது, எத்தனையோ சாவு வீடுகளில் நனையாத என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இரண்டு கையும் மூடியில் இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

சித்தப்பா பக்கத்தில் வந்து என் தோளைத் தட்டினார். "நேத்து ஏதோ கோவத்துல பேசிட்டேன் தம்பி, மனசுல வச்சுக்காத" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "பாருங்க, பெட்டிக்காரப் புள்ளைக்கே அண்ணன நெனச்சு தாங்கல" என்றார்.

அதைக் கேட்டுப் பெண்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். பெரியவரைத் தூக்கி முடிக்கும்வரை நான் மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.