நீ வேற, நான் வேற

நான் இயற்பியல் படித்தவள். யாராவது பேய்க் கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அதனால் சத்தியமெல்லாம் செய்யப் போவதில்லை. நடந்ததை நேரத்தோடு சொல்கிறேன். ராத்திரி கூட இல்லை. சத்துவாச்சாரியில், எங்கள் வீட்டில், மே மாத வெயிலில், பட்டப்பகல்.

நானும் ஸ்வேதாவும் இரட்டையர். பெற்ற அம்மாவே குழம்புவாள். அப்பா இறந்ததும் ஸ்வேதா ப்ளஸ் டூவோடு நிறுத்திவிட்டு, ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கப் போனாள். என்னைப் படிக்க வைத்தது அந்தக் கைகள்தான்.

ஏப்ரலில் இருவரும் ஸ்கூட்டரில் வரும்போது லாரி மோதியது. மூன்றாம் நாள் கண் விழித்தேன். பெயர் கேட்டார்கள். "சௌம்யா" என்றேன். அதை வைத்துத்தான் இறந்தவள் ஸ்வேதா என்று எழுதினார்கள். அதற்குள் அவளை எரித்துவிட்டிருந்தார்கள்.

நான் சொல்லவந்த அந்த மே மாத நாளில், நான்கு மணிக்குள் ஆய்வேட்டின் கடைசி வரைபடத்தை அனுப்ப வேண்டும். தவறினால் பதிவு ரத்து. அவள் உழைத்ததெல்லாம் வீண்.

என் ஆய்வு இதுதான். இரண்டு கார்பன் அணுக்கருக்களை மோதவிடுகிறோம். இரண்டும் அச்சு அசல் ஒன்று. மோதியபின் கருவிக்கு வந்து சேர்வது ஏவியதா, அடிபட்டதா? அதற்கு விடையே கிடையாது. இரண்டு வழியும் கலந்து, வரைபடம் அலை அலையாக வரும். பிரித்தறிய முடிந்தால் அலை இருக்காது. அந்த அலையில்லாத கோட்டைத்தான் என் வழிகாட்டி அருணகிரி சார் ஒப்பிடக் கேட்டிருந்தார். புரோகிராமில் 1 என்றால் ஒரே மாதிரி. 0 என்றால் வேறு வேறு.

மணி 2.17. 0 போட்டு ஓட்டினேன். அலை வந்தது.

திறந்து பார்த்தேன். 1 இருந்தது. திருத்தினேன். சேமித்தேன். ஓட்டினேன். மறுபடி அலை.

2.50. மறுபடி 1.

3.05. பக்கத்து அறையில் ஸ்வேதாவின் தையல் மெஷின் ஓடியது. கட... கட... கட... அம்மா வெளியே போயிருந்தாள். மெஷினின் பெல்ட்டைக் காரியத்தன்றே கழற்றி வைத்துவிட்டோம்.

3.30. அம்மா வீட்டிலேயே விட்டுப்போன போனில் சாரைக் கூப்பிட்டேன்.

"சார், ஒரே ஒரு நாள்..."

"முடியாதும்மா. நாலு மணிக்கு போர்ட்டல் மூடிடும்."

3.41. மறுபடி 1. மேஜையில் தலையை வைத்து அழுதேன்.

சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. அவள் ஷூ கம்பெனியின் தோல் பசை வாடை...

"இன்னாடி வேணும் உனக்கு?" திரும்பாமலே கேட்டேன்.

கட... கட...

"உனக்காகத்தான்டி முடிக்கிறேன்... விட்டுடு. நீ வேற, நான் வேற. போய்டு!"

நின்றது.

3.52. மறுபடி 0 போட்டு ஓட்டினேன். கோடு அலையில்லாமல் வந்தது.

அனுப்பினேன்.

திரும்பினேன். யாருமில்லை. என் இடது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிய பழைய தழும்பு. அதை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். மறுவாரம், விபத்தில் உடைந்த போனுக்குப் பதிலாகப் புது சிம் வாங்கப் போனேன். கடைக்காரர் ஒவைஸ் ரேகை வைக்கச் சொன்னார். என் ஆதாருக்குச் சேரவில்லை. ஐந்து தடவை.

"ரேகை தேஞ்சிருக்கும்மா. ஜாஸ்தி பேருக்கு இப்டித்தான் ஆவுது."

பையில் ஸ்வேதாவின் ஆதாரும் இருந்தது. ஏன் நீட்டினேன் என்று தெரியவில்லை.

முதல் தடவையே சேர்ந்தது.

"ஆயிடுச்சு, ஸ்வேதாம்மா."

ஸ்வேதாவுக்கு அணுக்கரு என்றால் என்னவென்றே தெரியாது. எனக்குத் தெரிகிறது. ஆனால் இந்த விரல் அவளுடையது. அப்படியென்றால் எரித்தது என் உடம்பை. அன்று தன் உடம்பைத் தேடி வந்தவளைத்தான் போகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை.